ரானுயி வீட்டு அரணை

நியூசிலாந்தில் பாம்பு கிடையாது. காட்டிலும் இல்லை, மிருகக்காட்சிச்சாலையிலும் இல்லை, வீட்டில் வளர்க்கவும் சட்டம் விடாது. அப்படியிருந்தும் கோயிலில் என்னைப் பலர் "பாம்பண்ணை", அதாவது பாம்பு அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒக்லாந்து நகரத்தின் பென்ரோஸ் பகுதியில் ஒரு பட்டறையில், பல்லி, அரணை, ஆமை போன்றவற்றை வீட்டில் வளர்ப்பவர்களுக்குப் பெட்டி செய்து, அதற்குள் சூட்டையும் ஈரத்தையும் சரிப்படுத்திக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. அதனால் வந்த பெயர். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

தோள்மூட்டு பழுதானதால் வயதுக்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டேன். என் இடத்தில் இப்போது ரேவதி இருக்கிறார். மதுரைப் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி. போன மாதம் ஃபோன் எடுத்தார்.

"அண்ணே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வேலையை நிறுத்திடலாமான்னு கேக்குறாங்க. இப்பல்லாம் பெட்டி சூடு, ஈரம் எல்லாமே ஆப்ல வந்துடுது. உக்காந்த இடத்துலயே பார்த்துடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஏதோ சொன்னேன்.

"பேசுனா பாதியை முழுங்கிடுறீங்க அண்ணே. எழுதிக் குடுங்க. உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்துன வீடு எதுன்னு எழுதுங்க, நான் படிச்சுக்கிறேன்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுத நேரம் பிடிக்கிறது. ஆனால் அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்ததும் புக்கெகோஹியில் வெங்காயக் கொட்டிலில் வேலை கிடைத்தது. மலைபோல் குவித்த வெங்காயத்துக்கு அடியில் பெரிய காற்றாடிகள் சூட்டுக்காற்றை ஊதும். ஈரம் கூடினால் வெங்காயம் கழுத்தில் அழுகும். காற்று எவ்வளவு ஈரமாய் இருக்கிறது என்று மூக்கால் அறிய அங்கேதான் பழகினேன். பிறகு தெரிந்த ஒருவர் மூலம் பென்ரோஸ் பட்டறைக்குப் பலகை வெட்ட வந்தேன். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பல்பு, வயர், தெர்மோஸ்டாட் எல்லாம் என் கைக்கு வந்தன.

பட்டறையை நடத்தியவர் பெயர் ஜோ. என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்த பெண். முன்பு ஏதோ விலங்குப் பண்ணையில் வேலை செய்தவர். முதல் வருடம் முழுக்க நான் அவரை "மிஸ்" என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் "ஜோ" என்று திருத்தினார். கோபப்படவில்லை, சலிக்கவும் இல்லை. ஒரு நாள் என் வாயில் "ஜோ" வந்தபோது அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பட்டறையில் முதன்முதலில் நீலநாக்கு அரணையைப் பார்த்த அன்று நான் பின்னால் துள்ளி வேலை மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முழங்கை நீளம். பாம்புக்கு நாலு சின்னக் கால் ஒட்டவைத்தது போலிருந்தது. வாயைத் திறந்து நீல நாக்கைக் காட்டியது. ஊரில் அரணை கடித்தால் ஆள் தப்பாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். ஜோ சிரிக்கவில்லை. "அங்கேயே இரு. அங்கிருந்து பார்த்தால் அது எங்கே படுக்கிறது என்று நன்றாகத் தெரியும்" என்றார். அன்று மத்தியானம் வரை மேசையில் இருந்தே அதைப் பார்த்தேன். முதலில் பல்புக்குக் கீழே கல்லில் தட்டையாய்ப் படுத்தது. பிறகு எழுந்து குளிர்ந்த பக்கம் போய் மரப்பட்டைக்குள் புகுந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கல்லுக்கு வந்தது. சூடு வேண்டியபோது சூட்டுக்கும், போதும் என்றபோது குளிருக்கும் தானே நடந்து போகிறது. அதன் உடம்புக்குள் அடுப்பு இல்லை. நடைதான் அதன் அடுப்பு.

பெட்டி வேலையின் சாரமே இதுதான். பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அது எங்கே போகும்? ஒரு முனையில் கல் முப்பத்தைந்து, முப்பத்தாறு பாகை. மறுமுனையில் இருபத்துநாலு. நடுவில் அது தேர்ந்துகொள்ள இடம். தண்ணீர்ப் பாத்திரம் குளிர்ந்த பக்கத்தில். மேலே காற்று போகத் துளை. சூட்டை அளக்கும் சென்சர் பெட்டிக்குள் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் சொல்லைத்தான் தெர்மோஸ்டாட் கேட்கும். அங்கே சூடு போதும் என்றால் பல்பை அணைக்கும், குறைந்தால் திரும்பக் கொளுத்தும். மற்ற இடங்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஈரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒக்லாந்தின் மாரிக்காலக் காற்று நனைந்த துணி போன்றது. புதிதாக வருபவர்கள் ஈரத்தைக் குறைக்க என்ன வாங்குவது என்று கேட்பார்கள். ஒன்றும் வாங்க வேண்டாம், சூடு சரியாக இருந்தால் அதே காற்று காய்ந்துவிடும். வெங்காயக் கொட்டிலில் கண்டதும் அதுதான். பல்பு அணைந்தால் சூடு மட்டும் குறையாது, ஈரமும் ஏறும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் அரணைக்கு நெஞ்சில் சளி கட்டும்.

ஒரு வீட்டுக்குப் போனால் ஜோவின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். எதையும் தொடமாட்டார். பெட்டிக்கு முன்னால் உட்கார ஏதாவது தேடுவார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்ததும் உண்டு. பெட்டியைவிட வீட்டைத்தான் அதிகம் பார்ப்பார். யன்னல் எங்கே, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, துணி எங்கே காயப்போடுகிறார்கள், நாய் எங்கே படுக்கிறது. பிறகுதான் கருவியை எடுப்பார். நான் தவறாக ஏதாவது செய்தால் "பிழை" என்று சொல்லமாட்டார். "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே என் பிழையைக் கண்டுபிடித்துவிடுவேன்.

நான் தனியாக வீடுகளுக்குப் போகத் தொடங்கிச் சில வருடங்கள் ஆன பிறகுதான் நகரத்தின் மேற்கே உள்ள ரானுயியிலிருந்து பரமேசக்காவின் அழைப்பு வந்தது.

பட்டறையில் ஃபோனுக்குப் பதில் சொல்லும் பெண்ணிடம் அவர் ஆங்கிலத்தில் திணறியபோது, பின்னால் யாரையோ தமிழில் ஏசியது கேட்டதாம். ஃபோனை என்னிடம் தந்தார்கள்.

"தமிழோ? அப்பாடா! தம்பி, எங்கட பிஸ்கட் மூச்சு விடக் கஷ்டப்படுது. மூக்கில நுரை தள்ளுது. மருந்து குடுத்தாச்சு, மாறுது, பிறகும் வருது. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

பிஸ்கட் என்பது ஒரு நீலநாக்கு அரணை. அக்காவின் மகன் சேந்தன் வாங்கி வளர்த்தது. சேந்தன் வேலைக்காக அவுஸ்திரேலியாவில் பேர்த் நகரத்துக்குப் போய்விட்டான். அரணையை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. தாயிடம் விட்டுப் போனான்.

ஒரு வார நாளில், அக்காவுக்கு வேலை இல்லாத மத்தியானம் போனேன். பழைய மர வீடு. அந்த வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: நடையில், சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த அகலமான அலுமாரி. இரண்டு கதவு கொண்டது. நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடப்பக்கம் சாமி, வலப்பக்கம் பிஸ்கட். சாமிப் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. நல்லெண்ணெய் மணம் வந்தது. எங்கள் வீடுகளில் அந்த மணம் இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பெட்டி எங்கள் பட்டறைப் பெட்டிதான். சேந்தன் கவனமாகப் பொருத்தியிருந்தான். கையைப் பைக்குள் விட்டு உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அளந்தேன். கல் முப்பத்தாறு. குளிர்ந்த பக்கம் இருபத்துநாலு. ஈரம் வேண்டிய அளவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிஸ்கட் கல்லில் கிடந்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. மூச்சில் மட்டும் மெல்லிய விசில்.

"இது ஏக்கம் தம்பி," என்றார் அக்கா. "அவன் போன நாளில இருந்துதான் இந்தச் சளி வருத்தம். அவனைத் தேடுது."

அவருடைய கணவர் தவமண்ணை கதிரையில் இருந்தபடி, "உந்த ஊருறதுக்கு ஏக்கமாம். எனக்கு வருத்தமெண்டா ஒரு பனடோல் தர ஆளில்லை" என்றார்.

"உங்களுக்கு என்ன, நீங்கள் நல்லா விசில் அடிச்சுக்கொண்டுதானே நித்திரை கொள்ளுறியள்."

தவமண்ணை எழுந்து போன பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். "இது இருக்கிறதாலதான் தம்பி பெடியன் ஃபோன் எடுக்கிறான். என்னைப் பாக்கவோ எடுக்கிறான்? ஞாயிற்றுக்கிழமையில எடுத்து, 'அம்மா, பிஸ்கட்டைக் காட்டுங்கோ' எண்டுவான். நான் கண்ணாடிக்கு முன்னால ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். அப்பேக்க ரெண்டு கதை என்னோடையும் கதைப்பான். இது செத்துப்போச்செண்டா..." 

தெர்மோஸ்டாட்டில் சந்தேகம் வைத்துப் புதியது மாற்றிவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் திரும்பவும் நுரை. மறுபடி போனேன். அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அக்கா தேத்தண்ணீரும் வடையும் தந்தார். நான் இருந்தவரை எல்லாம் சரி. அக்கா பிஸ்கட்டைக் காட்டிய மிருக வைத்தியர் நல்ல மனிதர், தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். வீட்டில் சாம்பிராணிப் புகை உண்டா என்றுகூடக் கேட்டிருந்தார். அக்கா சாம்பிராணியை வெளியில்தான் பிடிப்பார். நெஞ்சுக்கு ஊசி போட்டு, "பெட்டி எப்போதோ குளிர்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் ஒரு வெப்பமானியைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இடையில் எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் சூடு இறங்கியது என்பதை நினைவில் வைத்திருக்கும் வகை அது. அடுத்த முறை பார்த்தால் வைத்தியர் சொன்னது சரி. பகலில், பல்பு எரிய வேண்டிய நேரத்தில், கல்லுப் பக்கம் இருபது பாகைக்குக் கீழே போயிருந்தது.

அதை வாசித்துச் சொன்னது என் கெட்ட காலம். அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நீங்கள்தான்!"

"என்ன நான்தான்?"

"கரண்ட் பில் வந்ததில இருந்து ஒவ்வொரு லைட்டா நூர்த்து இருட்டாக்கிக்கொண்டு திரியிறியள். இதையும் நூர்த்திருக்கிறியள்!"

"ஐயோ, அந்தப் பக்கம் போறதே இல்லையப்பா நான். நாக்கை நீட்டுது!"

"நீட்டாமல்? உங்களைக் கண்டா ஆருக்குத்தான் நீட்ட மனம் வராது?"

நான் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒரு சின்னக் கருவி ஒரு குடும்பத்துக்குள் நெருப்பை வைத்துவிட்டது. ரேவதி, உன் ஆப்பும் இதைத்தான் சொல்லியிருக்கும்: குளிர்ந்தது என்று. ஏன் என்று சொல்லாது.

அந்த நேரம் பார்த்து ஊரில் தவமண்ணையின் தகப்பனார் காலமானார். அண்ணையால் போக முடியவில்லை. நான் துக்கம் விசாரிக்கப் போனேன். ஹோலில் பெரியவரின் படம், மாலை, முன்னால் சின்ன விளக்கு. நான் ஒரு மூலையில் இருந்தேன். எழும்பும்போது அக்கா பக்கத்தில் வந்து, "தம்பி, இதுக்குள்ள சொல்லக் கூடாது. ஆனா பிஸ்கட் நல்லாச் சாப்பிடுது. மூச்சும் வடிவா விடுது" என்று காதுக்குள் சொன்னார்.

அதன் பிறகும் நலமாகவே இருந்தது. புதிய தெர்மோஸ்டாட்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். தவமண்ணைக்கு வேறு விளக்கம் இருந்தது: அப்பா போகும்போது அரணையின் வருத்தத்தையும் கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில நாட்களில் அக்கா ஃபோன் எடுத்தார். அழுதார். திரும்பவும் நுரை. வைத்தியர், நெஞ்சு இனியொரு தடவை தாங்காது என்று சொல்லிவிட்டார். தவமண்ணையும் முடிவெடுத்துவிட்டார்.

"சாமிக்குப் பக்கத்தில ஊருறதை வைச்சிருக்கக் கூடாதாம். சாவுத் துடக்குக்குள்ள சாமி பேசாமல் இருந்ததாம், துடக்குக் கழிஞ்ச உடனை கோவத்தைக் காட்டிப்போட்டுதாம். சனிக்கிழமை கொண்டந்து உங்கட கடையில குடுக்கப் போறாராம். நான் சேந்தனுக்கு என்னண்டு சொல்லுவன் தம்பி?"

அன்று பட்டறையில் ஜோ ஒரு பெட்டிக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தார். தமிழிலேயே விழுங்குகிற நான் ஆங்கிலத்தில் இன்னும் மோசம். ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நலமாக இருந்த நாட்களில் அந்த வீட்டில் என்ன மாறியிருந்தது?"

"ஒரு சாவு நடந்தது."

"அது வந்தது. போனது என்ன? அந்த நாட்களில் அந்த வீட்டில் எது இல்லாமல் இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கச் சொன்னார். அளக்கிறதென்றால் எத்தனை முறையும் அளப்பேன். ஒரு வீட்டாரிடம், உங்கள் துக்க நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று விசாரிப்பது என்னால் ஆகிற காரியமா? என் முகத்தைப் பார்த்து ஜோ, "நான் வேண்டுமானால் வருகிறேன். ஆனால் அவர்கள் எனக்குச் சொல்வதைவிட உனக்கு அதிகம் சொல்வார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். நடையில் துளை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று ஆயத்தமாக இருந்தது. தவமண்ணை பக்கத்தில் நின்றார். அக்காவின் கண் வீங்கியிருந்தது.

"அக்கா," என்றேன். "துடக்கு நாளில... வீட்டில என்னென்ன செய்யாமல் இருந்தனீங்கள்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"உதென்ன கேள்வி? துடக்கெண்டா எல்லாரும் செய்யிறதுதான். மச்சம் மாமிசம் இல்லை. கோயிலுக்குப் போறேல்லை. கலியாண வீடு ஒண்டு வந்தது, போகேல்லை. சாமி அலுமாரி திறக்கேல்லை. விளக்குக் கொளுத்தேல்லை..."

"ஹோலில விளக்கு எரிஞ்சது. நான் கண்டனான்."

"அது மாமான்ர படத்துக்கு. நான் சொல்லுறது சாமி விளக்கு. தூண்டாமணி."

தூண்டாமணி விளக்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சங்கிலியில் தொங்கும் பித்தளை விளக்கு. எண்ணெய் குறையக் குறைய மேலிருந்து தானே இறங்கும். திரியைத் தூண்டாமலே நாள் முழுக்க எரியும். சேந்தன் பேர்த்துக்குப் போன அன்று, அவனுக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று அக்கா நேர்ந்திருந்தார்: தான் வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் அந்த விளக்கு எரியும்.

"அக்கா, நான் வாற நாளில எரியேல்லையே?"

அக்கா கொஞ்சம் கூசினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. நீங்கள் பல்லியும் பாம்பும் தொட்டுப்போட்டு வாறனீங்கள். அதாலை நீங்கள் வர முன்னம் நூர்த்துப்போட்டு, கதவைச் சாத்திவிடுவன்."

அவ்வளவுதான். நான் வந்த ஒவ்வொரு முறையும் அந்த வீடு எனக்காக வேறு வீடாக மாறியிருந்தது. எண்ணெய் மணத்தை நானும் மணந்தேன். ஆனால் எங்கள் இருவருக்கும் சாமி விளக்கு சாமியுடையது. அதைச் சுடுகிற பொருள் என்று எண்ண எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, இப்ப ஒருக்காக் கொளுத்துவியளோ?"

"குளிச்சிட்டுத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

அவர் கைகால் கழுவிவிட்டு வந்து சாமிக் கதவைத் திறந்தார். தூண்டாமணி நடுப்பலகையோடு ஒட்டியபடி, சின்ன ஆணியில் தொங்கியது. கொளுத்தினார். நான் வலப்பக்கக் கதவைத் திறந்து, பெட்டிக்கு முன்னால் குந்தினேன். பிஸ்கட் கல்லில் கிடந்தது. பல்பு எரிந்தது. தவமண்ணை பொறுமை இல்லாமல் இரண்டு தடவை இருமினார். தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் போயிருக்கும்.

டக். பல்பு அணைந்தது.

கையைப் பையிலிருந்து எடுத்து நடுப்பலகையில் வைத்தேன். சுட்டது. சேந்தன், அரணை இழுத்துவிடக் கூடாது என்று, சென்சரைப் பெட்டிச் சுவரில் இரும்புக் கவ்வியால் பிடித்து நீளமான திருகாணி அடித்திருந்தான். அந்தத் திருகாணி பெட்டிச் சுவரைத் தாண்டி நடுப்பலகைக்குள் போயிருந்தது. மறுபக்கம் நேர் எதிரே விளக்கு. சூடு பலகையிலிருந்து ஆணிக்கும், ஆணியிலிருந்து கவ்விக்கும், கவ்வியிலிருந்து சென்சருக்கும் போனது. சென்சர் 'போதும்' என்றது. பல்பு நின்றது. கல் ஆறியது, காற்றில் ஈரம் ஏறியது. அக்கா மகனுக்காக எவ்வளவு நேரம் விளக்கெரித்தாரோ, அவ்வளவு நேரம் மகனுடைய அரணை குளிரில் கிடந்தது.

தவமண்ணை குனிந்து தானும் பலகையில் கை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"அப்ப, சாமிக்குக் கோவமில்லை?"

"அது எனக்குத் தெரியாது அண்ணை. பலகை சுடுது."

மூன்றாம் முறையும் பலகையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு துளை போட்ட அட்டைப்பெட்டியைக் காலால் மெல்லச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது போல நின்றார்.

"நான் நூர்க்கேல்லை எண்டு இப்பவாவது விளங்குதோ?" என்றார் அண்ணை.

"இது நீங்கள் நூர்க்கேல்லை. குசினி லைட் ஆர் நூர்த்தது?"

வேலை பெரிதல்ல. திருகாணியைக் கழற்றினேன். சென்சரைச் சுவரைவிட்டு விலக்கி, கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவ்வியில் நிறுத்தினேன். பெட்டிக்கும் நடுப்பலகைக்கும் இடையில் விரல் போகிற அளவு இடைவெளி விட்டேன். விளக்கின் ஆணியை அலுமாரியின் மறுபக்கத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அக்கா சாமியைப் பார்த்துவிட்டு, "மாத்துங்கோ" என்றார். அலுமாரிக்குள் சுடர் எரியும்போது கதவைச் சாத்தவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் கண்டிப்பாகப் பேசிய மிகச் சில வார்த்தைகள் அவை.

ஜோவிடம் போய்ச் சொன்னபோது அவர், ஒரு சின்னத் திரிக்கு இவ்வளவு சூடா என்று நம்பாமல், தானே ஒரு எண்ணெய் விளக்கு வாங்கிவந்து பட்டறைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். பிறகு "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். இந்த முறை உண்மையாகவே அந்த அர்த்தத்தில். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டோம்: நாங்கள் வருகிறோம் என்பதற்காக இன்று இந்த வீட்டில் எதை மாற்றினீர்கள்? கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். ஒருவர் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பார், இன்னொருவர் வழக்கமாகத் திறந்திருக்கும் யன்னலைச் சாத்தியிருப்பார். வீட்டுக்குப் போகும் வேலையை நிறுத்தலாமா என்று கேட்டாயே ரேவதி. இந்தக் கேள்வியை ஆப் கேட்குமென்றால் நிறுத்துங்கள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, நிலைமையைப் பார்க்க ரானுயிக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வருவதற்காக நூர்க்கவில்லை, நூர்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பல்பும் எரிந்தது. பிஸ்கட் தோல் கழற்றிப் புதிதாய்ப் பளபளத்தது. மூச்சில் சத்தமே இல்லை.

அப்போதுதான் சேந்தனின் வீடியோ அழைப்பு வந்தது. அக்கா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார்.

"வாவ், அம்மா! ஹீ லுக்ஸ் சோ குட்! சாப்பிடுறானா?"

"ஓம் அப்பன், நல்லாச் சாப்பிடுது. நீ சாப்பிட்டியோ?"

"யா, யா. ப்ரீத்திங் ஓகேயா?"

"ஒரு சத்தமும் இல்லை. இந்தா, கேள்." ஃபோனை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"ஆசம். தாங்க்ஸ் அம்மா. ஐ ஹாவ் டு கோ, ஃப்ரெண்ட்ஸ் வெயிட்டிங். பாய்!"

திரை கறுத்தது. அக்கா ஃபோனை இறக்கி, அதன் திரையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பாத்தியளே தம்பி? பிஸ்கட்டுக்கு வருத்தம் கூடியிருக்கேக்க ஒவ்வொரு நாளும் எடுப்பான், அரை மணித்தியாலம் கதைப்பான். மூச்சு எப்பிடி, மருந்து குடுத்ததோ, நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ அம்மா எண்டெல்லாம் கேப்பான். இப்ப சுகம் எண்ட உடனை ஒரு நிமிசம்."

நான் வெப்பமானியைப் பையில் வைத்தேன்.

"உந்த விளக்கு ஆணியைத் திரும்ப அந்த இடத்திலயே அடிச்சுவிடுவமோ?" என்றார்.

ஹோலிலிருந்து தவமண்ணை பெரிதாகச் சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குசினிக்குள் போனார். பூசணிக்காயை எடுத்து, அரணையின் வாய்க்கு அளவாக, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டத் தொடங்கினார்.